புனலுக்கு டப்ளினில் என்ன பெயர்? வெளிநாடு போன ஐரிஷ் எழுத்தாளர்களும் அவர்களுடைய ஆங்கிலமும்

டப்ளின் கல்லூரி ஒன்றின் இயற்பியல் அரங்கு. ஆங்கிலேயரான டீன், கணப்பில் நெருப்பு மூட்டிக்கொண்டே ஸ்டீஃபன் என்ற மாணவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு எண்ணெய் விளக்குப் பக்கம் போகிறது. ஃபனல் கொள்ளும் அளவுக்குமேல் எண்ணெயை ஊற்றிவிடக் கூடாது என்கிறார். "எந்த ஃபனல்?" என்கிறான் மாணவன். விளக்கில் எண்ணெய் ஊற்ற வைப்பார்களே, அந்தப் புனல்தான். "அதற்கா ஃபனல் என்று பெயர்? டன்டிஷ் இல்லையா?" டீன் அந்தச் சொல்லை வாழ்நாளில் கேட்டதில்லை. அயர்லாந்தில் அப்படிச் சொல்வார்களா என்று கேட்கிறார். லோயர் டிரம்காண்ட்ராவில் அப்படித்தான் சொல்வார்கள், மிக நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சிரிக்கிறான் ஸ்டீஃபன்.

வெளியே சிரித்தாலும் உள்ளே அவனுக்குச் சுருக்கென்று தைக்கிறது. நாம் பேசுகிற இந்த மொழி எனக்கு முன்பே இவருடையதாக இருந்தது. வீடு, கிறிஸ்து, மது, எஜமான் என்று சாதாரணமான நாலு சொல்லைச் சொன்னால்கூட இவர் வாயில் ஒரு மாதிரியும் என் வாயில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறான்.

இந்தக் காட்சி வரும் ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவல் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்' 1916இல் புத்தகமாக வந்தது. ஐரிஷ் எழுத்தாளர்களுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன உறவு என்று யார் பேசத் தொடங்கினாலும் இந்தக் காட்சியை எடுத்துப் போடுவார்கள். சிக்கல், பலர் இதோடு நிறுத்திவிடுவதுதான். நாவலின் கடைசிப் பக்கங்கள் ஸ்டீஃபனின் நாட்குறிப்பு. அதில் ஏப்ரல் 13ஆம் தேதி, டன்டிஷ் மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் அகராதியைப் புரட்டிப் பார்த்ததாக எழுதுகிறான். அது ஐரிஷ் சொல்லே இல்லை. அசல் ஆங்கிலம், அதுவும் பழைய, பச்சையான ஆங்கிலம். இவர் தம் மொழியை நமக்குக் கற்பிக்க வந்தாரா, நம்மிடம் கற்றுக்கொள்ள வந்தாரா என்று டீனைத் திட்டுகிறான்.

திட்டியதில் நியாயம் உண்டு. டன் என்றால் பீப்பாய், டிஷ் என்றால் பாத்திரம். ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே வரும் சொல் இது. டீன் சொன்ன ஃபனல்தான் லத்தீனிலிருந்து பிரெஞ்சு நிலம் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த இரவல் சரக்கு. (எஃகு ஆலைகளில் உருகிய எஃகை அச்சில் இறக்குவதற்குமுன் ஊற்றும் தொட்டிக்கு இன்றும் டன்டிஷ் என்றுதான் பெயர்.) ஆக, ஊர்க்காரன் பேச்சு என்று ஆங்கிலேயர் வியந்தது இங்கிலாந்து தொலைத்துவிட்ட சொல், அயர்லாந்து அதைப் பத்திரமாக வைத்திருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நாவல் 'டப்ளின் 1904, ட்ரியெஸ்ட் 1914' என்ற குறிப்போடு முடிகிறது. டப்ளினில் பட்ட குத்தல், ஏட்ரியாடிக் கடற்கரையின் ஒரு துறைமுக ஊரில் உட்கார்ந்து முடிக்கப்பட்ட புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தவறான கணக்கு வந்துவிடும். நம் ஊரில் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு வீட்டில் வேறொரு தாய்மொழி இருக்கும். ஐரிஷ் எழுத்தாளருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு படித்தால் எல்லாம் கோணலாகிவிடும். ஜாய்ஸ், சாமுவேல் பெக்கெட், பெர்னார்ட் ஷா, ஆஸ்கர் வைல்ட் எல்லோருக்கும் தாய்மொழி ஆங்கிலமேதான். தொட்டிலில் கேட்டதும் அதுதான்.

ஐரிஷ் என்பது தனி மொழி. வெளியே கேலிக் என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு அது தூரத்துச் சொந்தம். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் கெல்டிக் கிளையைச் சேர்ந்தது. 1831இல் வந்த தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தின. ஐரிஷ் பேசினால் பிள்ளையின் கழுத்தில் தொங்கும் குச்சியில் ஒரு வெட்டு விழும். எத்தனை வெட்டோ அத்தனை அடி. பல வீடுகளில் பெற்றோரே இதற்கு உடந்தை, ஏனென்றால் கப்பல் ஏறிப் பிழைக்க ஆங்கிலம் வேண்டும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். இரண்டு வகையிலும் அதிகம் இழந்தது ஐரிஷ் பேசிய ஏழைக் கிராமங்கள். மொழியைப் பற்றி முதன்முதலாகக் கேட்ட 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசியவர்கள் சுமார் 15 லட்சம். 1891இல் அது 7 லட்சத்துக்கும் கீழே.

எனவே இவர்களுடைய மனத்தாங்கல் இரண்டு மொழிக்கு நடுவே நிற்பவனுடையது இல்லை. இருக்கிற ஒரே மொழியையும் 'அது எங்களுடையது' என்று பக்கத்து நாட்டுக்காரன் சொல்வதால் வருவது. ஜாய்ஸ் 1907இல் ட்ரியெஸ்டில் எழுதி முடித்த 'தி டெட்' கதையில், உன் சொந்த மொழியான ஐரிஷோடு உனக்குத் தொடர்பு வேண்டாமா என்று ஒரு பெண் கதாநாயகன் கேப்ரியலை மடக்குகிறாள். அப்படிப் பார்த்தால் ஐரிஷ் என் மொழியே இல்லை என்கிறான் அவன். சங்கடமான பதில்தான், ஆனால் பொய்யில்லை. ஜாய்ஸும் இளமையில் கொஞ்சகாலம் ஐரிஷ் வகுப்புக்குப் போய்ப் பார்த்து, விட்டுவிட்டார்.

ஆங்கிலத்துக்குள் ஒளிந்திருக்கும் ஐரிஷ்

மொழி போனாலும் அதன் எலும்புக்கூடு ஆங்கிலத்துக்குள் தங்கிவிட்டது. இதைப் பிடிக்கத் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலேயருக்கு விநோதமாகப்படும் பல அமைப்புகள் நமக்குப் பழக்கமானவை.

ஐரிஷில் 'ஹேவ்' என்ற வினை கிடையாது. நான் புத்தகத்தை உடையவன் என்று சொல்வதில்லை. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதுதான் அங்கேயும். பசி, வருத்தம் எல்லாம் ஒருவர் செய்கிற காரியம் இல்லை. அவர்மேல் வந்து இருப்பவை. 'பசி என்மேல் இருக்கிறது' என்பார்கள், நம் 'எனக்குப் பசிக்கிறது' போல. இதுவே ஆங்கிலமாகும்போது 'தி ஹங்கர் இஸ் ஆன் மி' ஆகிவிடும். ஆமாம், இல்லை என்பதற்கு நேர்ச் சொல்லும் ஐரிஷில் இல்லை. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால்தான் ஐரிஷ் நாவல்களில் கேள்விக்கு வெறும் 'யெஸ்' வருவது குறைவு. 'ஐ டிட்', 'ஐ வில்' என்று வரும். அழுத்தம் கொடுக்க வேண்டிய சொல்லைத் தூக்கி முன்னால் வைப்பது இன்னொரு பழக்கம்: 'இஸ் இட் டயர்டு யூ ஆர்?' இதில் அழுத்தம் 'டயர்டு' மேல் விழுகிறது; 'களைப்பாகவா இருக்கிறாய்?' என்று நாம் 'ஆ' என்ற கேள்வி எழுத்தைக் களைப்போடு ஒட்டுவதுபோல. பன்மைக்கு 'யீ', 'யூஸ்' என்று தனிச் சொல் உண்டு. ஒருமை பன்மை இரண்டுக்கும் ஒரே 'யூ'வை வைத்துக்கொண்டு சமாளிப்பவர்கள் ஆங்கிலேயர்கள்தான்.

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 'ஆஃப்டர்'. 'ஹி இஸ் ஆஃப்டர் பிரேக்கிங் தி விண்டோ' என்று டப்ளின்காரர் சொன்னால் 'இப்போதுதான் ஜன்னலை உடைத்தான்' என்று பொருள். லண்டன்காரர் காதில், ஏதோ உடைக்கிற நோக்கத்தோடு அலைகிறான் என்று விழும். அவர் ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்' என்றால் ஒன்றைத் தேடிப் போவது. ஐரிஷில் 'பிறகு' என்ற சொல்லை வைத்து அப்போதே முடிந்த செயலைச் சொல்வார்கள். அந்த வாய்ப்பாட்டை அப்படியே ஆங்கிலச் சொற்களால் நிரப்பியதால் வந்தது இது. நடந்து முடிந்ததா, நடக்கப்போகிறதா என்பதே தலைகீழாகிவிடும். மொழிபெயர்ப்பில் இந்த ஓரிடத்தில் சறுக்கினால் கதையே மாறிவிடும்.

இதற்காக எல்லா ஐரிஷ்காரர்களும் வாக்கியத்துக்கு வாக்கியம் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி ஒரு கோமாளி ஐரிஷ்காரனை லண்டன் நாடக மேடை பல தலைமுறையாக வளர்த்து வைத்திருந்தது. 1876இல் லண்டனுக்குப் போன பெர்னார்ட் ஷா, 1904இல் எழுதிய 'ஜான் புல்'ஸ் அதர் ஐலண்ட்' நாடகத்தில் அதை உரித்துக் காட்டினார். முதல் காட்சியிலேயே ஒருவன் வழிய வழிய ஐரிஷ் பாணி ஆங்கிலம் பேசி ஓர் ஆங்கிலேயரை மயக்குகிறான். அவன் போன பிறகு, உண்மையான ஐரிஷ்காரனான கூட்டாளி சொல்கிறான்: அந்த ஆள் பிறந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், அயர்லாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

திருத்தும் கைகள்

வெளியே போனவரை முதலில் எதிர்கொள்வது திருத்துபவர். கவிஞர் ஈவன் போலண்டின் தந்தை தூதராக லண்டன் போனபோது அவர் சிறுமி. '1951' என்ற ஆண்டைத் தலைப்பிலேயே வைத்திருக்கும் ஒரு கவிதையில், கான்வென்ட் வகுப்பில் 'ஐ ஆமன்ட்' என்று சொல்லிவிட்ட குழந்தையை நோக்கித் திரும்பி, 'நீ இப்போது அயர்லாந்தில் இல்லை' என்கிறார் ஆசிரியை. கொஞ்சம் யோசித்தால் இலக்கணப்படி 'ஆமன்ட்' தான் நேர்: 'ஆம்' உடன் 'நாட்' சேர்ந்தால் வேறென்ன வரும்? 'ஆரன்ட் ஐ?' என்று பன்மை வினையை ஒருமைக்கு மாட்டிவிடுகிற நல்ல ஆங்கிலம்தான் கோணல். டன்டிஷ் கதை இங்கே இலக்கணத்தில் திரும்ப நடக்கிறது.

அடுத்த திருத்தம் அச்சகத்தில். ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' கதைகளில் 'ப்ளடி' என்ற வசவுச் சொல்லுக்கு லண்டன் அச்சகர் 1906இல் முரண்டு பிடித்தார். அன்று ஆட்சேபமான எழுத்துக்கு அச்சகரும் சட்டப்படி பொறுப்பு. பிறகு டப்ளினில் அச்சேறிய தாள்கள் 1912இல் அழிக்கப்பட்டன. நூல் கடைசியில் 1914இல் லண்டனில் வந்தது. ஊரை விட்டுப் போனவரின் புத்தகம் ஊருக்குள் நுழைவதும் எளிதாக இல்லை. அயர்லாந்து சுதந்திர நாடானபின் 1929இல் தணிக்கைச் சட்டம் கொண்டுவந்தது. எட்னா ஓ'பிரையன் லண்டனில் இருந்து எழுதிய முதல் நாவல் 'தி கன்ட்ரி கேர்ள்ஸ்' 1960இல் வந்தவுடனே அங்கே தடை செய்யப்பட்டது. ஆங்கிலேயர்தான் எப்போதும் வில்லன் என்று கதையை எளிமையாக்க முடியாது.

விநோதமான திருத்தம் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலுக்கு நேர்ந்தது. பாரிஸில் சில்வியா பீச் நடத்திய புத்தகக் கடை 1922 பிப்ரவரி 2ஆம் தேதி அதை வெளியிட்டது. முதல் பதிப்பு 1,000 பிரதிகள். அச்சடித்தது டிஜோன் நகரத்துப் பிரெஞ்சு அச்சகம். ஆங்கிலம் அறியாத கைகள் எழுத்துக் கோத்தன. ஜாய்ஸோ அச்சுப்படிகளின் ஓரங்களில் பக்கம் பக்கமாகப் புதிதாக எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். பிழைகள் மலிந்தன. அதில் ஒன்று மட்டும் பிழையைத் 'திருத்தியதால்' வந்த பிழை. இந்த நாவலிலும் வரும் அதே ஸ்டீஃபனுக்கு, பாரிஸில் இருக்கும்போது, தாய் சாகக் கிடப்பதாக வரும் தந்தியில், 'மதர்' என்பதன் முதல் எழுத்து மாறி 'நதர்' என்று இருக்கும்படி ஜாய்ஸ் எழுதியிருந்தார். காட்டி வேடிக்கை பார்க்கத்தக்க தந்தி என்று ஸ்டீஃபன் நினைத்துக்கொள்வது அதனால்தான். பழைய பதிப்புகளில் அது ஒழுங்காக 'மதர்' என்று திருந்திவிட, அடுத்திருக்கும் வேடிக்கைக்குப் பொருளில்லாமல் போயிற்று. 1984 பதிப்பில்தான் 'நதர்' திரும்பி வந்தது.

ஜாய்ஸ்: போகாமல் போனவர்

1904இல் நோரா பார்னகிளோடு டப்ளினை விட்டுப் போன ஜாய்ஸ், சில குறுகிய பயணங்கள் தவிர, திரும்பவே இல்லை. போலா, ட்ரியெஸ்ட், சூரிச், பாரிஸ் என்று வாழ்ந்து 1941இல் சூரிச்சில் இறந்தார். பெர்லிட்ஸ் மொழிப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வயிறு கழுவிய நாட்கள் உண்டு. பிள்ளைகளோடு வீட்டில் பேசியது ட்ரியெஸ்டின் இத்தாலிய வழக்கு. அங்கிருந்து கிளம்பிய பிறகும் அதுவே வீட்டு மொழி. ஒரு மொழியைத் தினமும் அந்நியருக்கு விளக்கிக்கொண்டு, வீட்டில் வேறொன்றில் புழங்குகிறவருக்கு, அந்த மொழியின் ஒவ்வொரு தேய்ந்த தொடரும் தனியாகக் காதில் விழும். அவர் எழுத்தில் அது தெரிகிறது.

ஆனால் ஊர் நினைவில் உறைந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது? ஜாய்ஸின் வழி அஞ்சல்தான். 1921 நவம்பரில், 'யுலிசஸ்' அச்சகத்தில் இருக்கும்போது, தாய்மாமன் மனைவி ஜோசஃபினுக்கு பாரிஸிலிருந்து ஒரு கேள்வி அனுப்புகிறார்: எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டின் கம்பி வேலியை ஒரு சாதாரண ஆள் ஏறிக் கடந்து, கால் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி இருக்கும்வரை தொங்கி, அடிபடாமல் குதிக்க முடியுமா? சாவியை மறந்த கதாநாயகன் புளூம் தன் வீட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்காக. கற்பனைப் பாத்திரம் கற்பனையாகக் குதிக்கும் உயரத்துக்குக்கூட அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது. தெருக்களுக்கும் கடைகளுக்கும் 1904ஆம் ஆண்டின் 'தாம்ஸ்' டைரக்டரி என்ற முகவரிப் புத்தகம் துணை. சொல்லுக்கு மட்டும் அவருடைய காது.

கடைசி நூல் 'ஃபினெகன்ஸ் வேக்' 1939இல் வந்தபோது ஆங்கிலமே கரைந்துபோயிருந்தது. பல மொழிச் சொற்களைப் பிசைந்து செய்த மாவு அது. முதல் பக்கத்திலேயே 100 எழுத்து நீளத்தில் ஓர் இடிமுழக்கச் சொல் வருகிறது. புதிதாகப் படிக்கிறவர் இந்த நூலில் தொடங்கிவிட்டு ஜாய்ஸே புரியாதவர் என்று ஓடிப்போவது வழக்கம். 'டப்ளினர்ஸ்'தான் வாசல், அதிலும் 'தி டெட்' கடைசியில் இருக்கட்டும்.

பெக்கெட்: வெளியேறித் திரும்பியவர்

ஜாய்ஸ் மொழியில் சேர்த்துக்கொண்டே போனார். சாமுவேல் பெக்கெட் கழித்துக்கொண்டே போனார். 1906இல் டப்ளின் அருகே ஃபாக்ஸ்ராக்கில் வசதியான புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர். 1937 முதல் பாரிஸ்வாசி. 1938இல் வந்த 'மர்ஃபி' நாவல் ஆங்கிலம்தான். போருக்குப் பின், 1946 வாக்கில், பிரெஞ்சுக்கு மாறினார். பிரெஞ்சில் எழுதினால் நடை இல்லாமல் எழுதுவது எளிது என்று அவர் காரணம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாய்மொழியில் பேனாவை வைத்தால் அடுத்த சொல்லை மொழியே எடுத்துக் கொடுத்துவிடும். பழமொழி, எதுகை, பள்ளிக்கூடத்துச் செய்யுள் எல்லாம் வரிசையில் நிற்கும். ஜாய்ஸின் பக்கத்தில் இருந்து பார்த்த ஐரிஷ்காரருக்கு அந்த வரிசை இன்னும் நீளம். கற்ற மொழியில் ஒவ்வொரு சொல்லையும் கையால் பொறுக்க வேண்டும்.

ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. பிரெஞ்சில் எழுதியதைத் தாமே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1953 ஜனவரியில் பாரிஸ் மேடையேறிய 'வெயிட்டிங் ஃபார் கோடோ' நாடகத்தின் ஆங்கில வடிவம் 1954இல் அச்சானது. தொடக்கத்திலேயே விளாடிமிர் நண்பன் எஸ்ட்ரகனிடம், எழுந்திரு, உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். பிரெஞ்சில் 'க' என்று ஒலிக்கும் சின்ன இணைப்புச் சொல் அதைச் செய்கிறது. 'கட்டிக்கொள்ளும்படியாக' என்று பொருள். ஆங்கிலத்தில் பெக்கெட் போட்டது 'கெட் அப் டில் ஐ எம்ப்ரேஸ் யூ'. 'டில்' என்றால் பொது ஆங்கிலத்தில் 'வரை'. அகராதியை நம்பி மொழிபெயர்த்தால் 'நான் தழுவும்வரை எழுந்து நில்' என்று அர்த்தமில்லாமல் வரும். ஐரிஷ் மொழியில் 'வரை'க்கும் 'படியாக'வுக்கும் ஒரே சொல் நிற்க முடியும். அதனால் அயர்லாந்து ஆங்கிலத்தில் 'டில்' இரண்டு வேலையும் பார்க்கும். தமிழில் 'எழுந்திருடா, கட்டிக்கணும்' என்றால் போதும். இன்னோரிடத்தில் போட்ஸோ என்ற பாத்திரம் தன் புகைக்குழாயைத் தொலைக்கிறான். எஸ்ட்ரகன் அதை 'டுடீன்' என்று சொல்லிச் சிரிக்கிறான். குட்டையான களிமண் குழாய்க்கு ஐரிஷ் பெயர். நாடு எது, ஆண்டு எது என்று சொல்லாத நாடகத்துக்குள், பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்த டப்ளின் இப்படி நுழைகிறது.

1956இல், பாரிஸில் இருந்துகொண்டே, பிபிசி வானொலிக்காக அவர் மறுபடி ஆங்கிலத்திலேயே நேராக எழுதினார்: 'ஆல் தட் ஃபால்'. ஃபாக்ஸ்ராக் மாதிரி ஓர் ஊர், அதன் ரயில் நிலையம், உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத கிழவி மிஸஸ் ரூனி, அவள் கண் தெரியாத கணவர். வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் கணவர் சொல்கிறார்: நீ பேசுவதைக் கேட்டால், செத்த மொழி ஒன்றோடு மல்லுக்கட்டுவதுபோல இருக்கிறது. அவள் மறுப்பதில்லை. தனக்கும் அப்படித் தோன்றுவதுண்டு என்கிறாள். இதுவும் ஒருநாள் செத்துத்தான் போகும், நம் பாவப்பட்ட கேலிக் போனமாதிரி என்கிறாள்.

அந்த இடத்தில் வானொலியில் ஓர் ஆட்டுக்குட்டி கத்துகிறது. தாயிடம் பால் கேட்டு அழுகிறதே, பாவம் என்கிறாள் மிஸஸ் ரூனி. ஆடு மேய்ப்பவர்களின் பழங்கதை நாடான ஆதி காலத்து ஆர்க்கேடியாவிலிருந்து இன்றுவரை அதுகளுடைய பேச்சு மட்டும் மாறவே இல்லையாம்.